பெரிய பற்றரி நிறைந்திருந்தும் அசையாத கார்: ஹைபிரிட்டின் 12 வோல்ட் பற்றரியைப் பார்த்துக்கொள்வது

2022 யூன் மாதம், எரிபொருள் தட்டுப்பாட்டு நாட்களில், கொழும்பில் பெற்றோல் வரிசையில் நின்றவர்களுக்கு அந்த நாட்களைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. எரிபொருள் கொண்டுவரும் பவுசர் எப்போது வரும் என்று ஷெட்காரருக்கே தெரியாது. காரை விட்டுவிட்டு வீட்டுக்குப் போகவும் முடியாது. என்னுடையது 2012ஆம் ஆண்டு டொயோட்டா பிரியஸ், மூன்றாம் தலைமுறை. பெற்றோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட். மோட்டாருக்கு ஒரு பெரிய பற்றரி, மற்ற மின்கருவிகளுக்கு ஒரு சிறு 12 வோல்ட் பற்றரி என்று இரண்டு உண்டு. வெள்ளவத்தையில் காலி வீதி ஓரமாக இரண்டு இரவுகள் நின்றேன். பெற்றோல் அளவுமானியில் கடைசிக் கட்டம் மின்னிக்கொண்டிருந்தது. எஞ்சின் ஓடிவிடக் கூடாது என்ற பயத்தில், பிறேக்கை மிதிக்காமல் பவர் பொத்தானை ஒருமுறை மட்டும் அமுக்கி வைத்திருந்தேன். றேடியோ கேட்கும், கைப்பேசிக்குச் சார்ஜ் ஏறும், எஞ்சின் ஓடாது, பெற்றோல் மிச்சம் என்று நினைத்தேன். ஒரு மணித்தியாலத்தில் அது தானாக அணையும். நான் மறுபடி அமுக்குவேன். சிறு பற்றரியைக் காப்பாற்றத்தான் கார் அப்படித் தன்னை அணைத்துக்கொள்கிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் காலை பவுசர் வந்தது, வரிசை நகர்ந்தது. பிறேக்கை மிதித்துப் பொத்தானை அமுக்கினேன். திரை மங்கலாக எரிந்து அணைந்தது. உள்ளே மின்னை இணைத்துத் துண்டிக்கும் றிலே டக் டக் என்று அடித்தது. கார் ஓடத் தயார் என்று காட்டும் 'றெடி' விளக்கு வரவேயில்லை. பின்னால் நின்றவர்கள் இறங்கி வந்து தள்ளி ஓரங்கட்டுவோம் என்றார்கள். தள்ளவும் முடியவில்லை. இந்தக் காரில் நிறுத்தும்போது விழும் 'பி' (பார்க்) பூட்டைப் போடுவதும் எடுப்பதும் ஒரு சிறு மின்மோட்டார். 12 வோல்ட் இறங்கிவிட்டால் அது அசையாது, முன்சில்லுகள் பூட்டியபடியே நிற்கும். பற்றரி டிக்கிக்குள் இருக்கிறது. டிக்கிக் கதவும் மின்சாரத்தில் திறப்பதுதான். ஒரு வான்காரர், தன் பற்றரியிலிருந்து என் காருக்கு மின் கொடுக்க ஜம்பர் வயர் கொண்டுவந்தார். "பொனற்றுக்குள்ள முனை இருக்கு அண்ணை" என்று ஒரு தம்பி காட்டினான். எல்லோருக்கும் அவசரம். கறுப்பு வயர் நேர்முனையிலும் சிவப்பு வயர் காரின் உலோக உடலிலும் போனது. ஒரு பெரிய பொறி பறந்தது. அதன் பிறகு அந்த மங்கல் வெளிச்சமும் இல்லை. என்னைச் சுற்றிக்கொண்டு கார்கள் ஒவ்வொன்றாகப் போவதைப் பார்த்தபடி நடைபாதையில் உட்கார்ந்திருந்தேன். வெட்கம், ஆத்திரம், இயலாமை எல்லாம் ஒன்றாக வந்தன.

ஏற்றிச் செல்லும் லொறிக்கு 14,000 ரூபாய். முதலில் கொண்டுபோன கராஜில் நான்கு நாள் வைத்திருந்துவிட்டு, "ஹைபிரிட் பற்றரி போய்விட்டது, மூன்றரை இலட்சம் வரும்" என்றார்கள். மனம் ஒப்பவில்லை. வேறொரு மெக்கானிக்கிடம் மாற்றினேன். அவர் செய்த முதல் வேலை, வோல்ட் அளக்கும் மல்ரிமீற்றரை எடுத்து 12 வோல்ட் பற்றரியை அளந்தது. பெரிய பற்றரியில் ஒரு குறையும் இல்லை. தலைகீழ் இணைப்பில் எரிந்த, சிறு பற்றரிக்கு மின் ஊட்டும் டிசி-டிசி மாற்றியின் பியூஸ் ஒன்று, கூலியோடு 9,500. புதிய 12 வோல்ட் பற்றரி 68,000. பூட்டிக்கொண்ட றேடியோவைத் திறக்க 6,000. ஒரு இலட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு, பதினொரு நாட்கள். யூலை 4ஆம் திகதி கார் கைக்கு வந்தபோது அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள். பிறகு கியூஆர் குறியீட்டைக் காட்டி எரிபொருள் பெறும் முறை வந்து காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்றானது. அதனால் புதிய பற்றரியோடு கார் வாரக்கணக்கில் நின்றது. இன்னொரு 68,000 என்னிடம் இல்லை. இந்தப் பற்றரியை எப்படி உயிரோடு வைத்திருப்பது என்று அந்த நாட்களில்தான் ஒழுங்காகப் படித்தேன், அளந்தேன், செய்து பார்த்தேன்.

முதலில் இது ஏன் இப்படி என்று விளங்க வேண்டும். சாதாரணக் காரில் 12 வோல்ட் பற்றரி ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுழற்றுகிறது. ஓல்டர்னேட்டர் அதைத் திரும்ப நிரப்புகிறது. பிரியஸ், அக்குவா போன்ற ஹைபிரிட்களில் இரண்டுமே இல்லை. எஞ்சினைச் சுழற்றுவது பெரிய பற்றரியில் ஓடும் மோட்டார்-ஜெனரேட்டர். பிரியஸில் அந்தப் பெரிய பற்றரி 168 கலங்கள், 201.6 வோல்ட், அக்குவாவில் 120 கலங்கள், 144 வோல்ட். கார் அணைந்திருக்கும்போது பாதுகாப்புக்காக றிலேக்கள் பெரிய பற்றரியைக் காரிலிருந்து முழுமையாகத் துண்டித்து வைத்திருக்கும். அந்த றிலேக்களை மூடுவதற்கும் கணினிகளை எழுப்புவதற்கும் 12 வோல்ட் வேண்டும். மூடிய பிறகுதான் டிசி-டிசி மாற்றி வேலை தொடங்கி, உயர் வோல்ட்டை 14 வோல்ட் அளவுக்கு இறக்கிச் சிறு பற்றரிக்கு ஊட்டும். அறை நிறைய நெல் இருந்தும் திறப்பு தொலைந்தால் சமைக்க முடியாது. என் காரின் நிலை அதுதான்.

இதில் ஒரு மோசமான விளைவு உண்டு. சாதாரணக் காரில் பற்றரி கிழடாகும்போது ஸ்டார்ட்டர் இழுத்து இழுத்துச் சுற்றும், காதுக்கே தெரியும். ஹைபிரிட்டில் றிலேயை மூடவும் கணினியை எழுப்பவும் ஸ்டார்ட்டர் கேட்பதில் சிறு பங்குதான் தேவை. ஆகவே கொள்ளளவில் பெரும்பகுதியை இழந்துவிட்ட பற்றரியும் தினமும் ஓடும் காரில் ஒரு குறையும் காட்டாமல் இருக்கும். இரண்டு கிழமை நிறுத்தினாலோ, என்னைப் போல வரிசையில் நின்றாலோ ஒரே நாளில் கைவிடும். என்னுடையது நான்கு வருடப் பற்றரி. அதை ஒருமுறைகூட நான் அளந்து பார்த்ததில்லை.

அந்த மூன்றரை இலட்சக் கதைக்கும் இதுதான் காரணம். 12 வோல்ட் இறங்கினால் கணினிகளுக்கிடையிலான பேச்சு அறுந்து, ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத பிழைக் குறியீடுகள் வரிசையாக விழும். பிறேக், ஸ்டியரிங், ஹைபிரிட் என்று எல்லாமே பழுது போலத் தெரியும். 12 வோல்ட் பற்றரியை நிரப்பி, குறியீடுகளை அழித்து, சிறிது தூரம் ஓட்டிய பிறகு திரும்ப வருவது எதுவோ அதை மட்டும்தான் நம்பலாம். நாட்டில் 2020 மார்ச்சிலிருந்து வாகன இறக்குமதி நின்று, 2025இல்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்தது. பத்துப் பன்னிரண்டு வருட ஹைபிரிட்களை இழுத்துப் பறித்து ஓடியவர்கள் நாங்கள். அந்தப் பயத்தில் பெரிய தொகைக்குத் தலையாட்டுவது சுலபம். யாராவது ஹைபிரிட் பற்றரி போய்விட்டது என்றால், "12 வோல்ட் எவ்வளவு காட்டியது?" என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் காரை எடுத்துக்கொண்டு போங்கள்.

இனிப் பொத்தான். பிறேக்கை மிதிக்காமல் ஒருமுறை அமுக்கினால் ஏசிசி (றேடியோ போன்றவை மட்டும் இயங்கும் நிலை), இரண்டாம் முறை அமுக்கினால் ஐஜி-ஓன் (எஞ்சின் தவிர மற்ற மின்கருவிகளும் விழிக்கும் நிலை). இரண்டிலும் பெரிய பற்றரி துண்டித்தே இருக்கும், காரில் எரிவது முழுக்கச் சிறு பற்றரியின் மின். பிறகு வயரைச் சுற்றிப் பிடித்து அம்பியர் அளக்கும் கிளாம்ப் மீற்றரால் என் காரை அளந்தேன். றேடியோவும் கைப்பேசிச் சார்ஜரும் உள்ள ஏசிசியில் 4 அம்பியர், ஐஜி-ஓன் நிலையில் 15 அம்பியர் தாண்டியது. புதிய பற்றரியே 45 அம்பியர்-மணிதான். பாதிக் கொள்ளளவு போன பற்றரியில் ஏசிசியில் ஐந்தாறு மணித்தியாலம் என்றால் கணக்கு முடிந்தது. பிறேக்கை மிதித்து அமுக்கி 'றெடி' விளக்கு வந்தால் மட்டுமே சிறு பற்றரிக்குச் சார்ஜ் ஏறும். றெடியில் நின்றால் எஞ்சின் தொடர்ந்து ஓடாது, பெரிய பற்றரி இறங்கும்போது மட்டும் சில நிமிடம் ஓடி நிற்கும். வரிசையில் றேடியோ கேட்க வேண்டுமென்றால் றெடியில் வைத்து, ஏசியை அணைத்துவிட்டுக் கேட்டிருக்க வேண்டும். இன்னொன்று: நிற்கும்போது 'என்' (நியூட்ரல்) நிலையில் விடாதீர்கள். 'என்' நிலையில் பெரிய பற்றரிக்குச் சார்ஜ் ஏறாது, இறங்கிக்கொண்டே போகும். 'பி' போட்டுவிடுங்கள்.

நின்றுகொண்டிருக்கும் காரும் மின் குடிக்கும். பூட்டி, எல்லாம் உறங்கிய பிறகு 20 முதல் 50 மில்லிஅம்பியர் வரை போவது வழமை. 30 என்று வைத்தால் ஒரு நாளைக்கு 0.7 அம்பியர்-மணி, ஒரு மாதத்தில் 21. அதாவது புதிய பற்றரியே மாதத்தில் பாதியாகும். பழையது மூன்று கிழமையும் தாங்காது. ஸ்மார்ட் திறப்பைக் காருக்கு அருகில் வைப்பது நிலைமையை இன்னும் மோசமாக்கும், காரும் திறப்பும் ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொண்டேயிருக்கும். கராஜ் சுவருக்கு மறுபக்கம் திறப்பு மாட்டும் ஆணி இருந்தால் அதை இடம் மாற்றுங்கள். வாங்கியபோது யாரோ பொருத்திய கமராவும் ஜிபிஎஸ் கருவியும் கார் அணைந்த பிறகும் இழுக்கக்கூடும். 50 மில்லிஅம்பியருக்கு மேல் காட்டினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது அவற்றை.

அளப்பது எப்படி என்று சொல்கிறேன், ஏனென்றால் பலர் தவறாக அளந்து ஏமாறுகிறார்கள். ஓட்டி வந்த உடனே அளந்தால், தட்டுகளின் மேற்பரப்பில் தற்காலிகமாகத் தங்கும் சார்ஜ் காரணமாக நல்ல எண் காட்டும். ஆறு மணித்தியாலமாவது நின்ற பிறகு அளக்க வேண்டும். கதவைத் திறந்தால் கணினிகள் விழித்து வோல்ட் சற்று விழும். பொனற்றைத் திறந்துவிட்டு, கதவைச் சாத்தி, பத்து நிமிடம் விட்டு அளங்கள். பிரியஸில் பியூஸ் பெட்டி மூடியைக் கழற்றினால் சிவப்பு மூடி போட்ட நேர்முனை இருக்கும். மீற்றரின் மறைமுனையை வண்ணம் பூசாத உலோகத்தில் வைக்கலாம். ஏஜிஎம் வகைப் பற்றரிக்கு (அமிலத்தைக் கண்ணாடி நார்ப் பாயில் ஊறவைத்து அடைத்தது, இந்தக் கார்களில் இருப்பது) 12.8 அல்லது மேல் என்றால் நிறைவு. 12.6 என்றால் முக்கால், 12.3 என்றால் பாதி, 12.0 என்றால் கால்வாசி. 12.4க்குக் கீழ் போக விடாமல் இருப்பதே என் வழக்கம், ஏனென்றால் குறைந்த சார்ஜில் கிடக்கும் ஒவ்வொரு நாளும் தட்டுகளில் சல்பேற் கடினமாகப் படிந்து கொள்ளளவைத் திருடுகிறது. பிறகு எவ்வளவு சார்ஜ் செய்தாலும் அது முழுதாகத் திரும்பி வராது. எண் நல்லதாக இருந்தும் சந்தேகம் என்றால், ஐஜி-ஓன் நிலையில் முன்விளக்குகளை ஒரு நிமிடம் எரியவிட்டுப் பாருங்கள். 11.5க்குக் கீழ் சரசரவென்று விழுந்தால் அந்தப் பற்றரியை மாற்றும் காலம் வந்துவிட்டது. கடைசியாக றெடியில் ஒரு அளவு: 13.8இலிருந்து 14.4 வரை இருக்க வேண்டும். 13க்குக் கீழ் என்றால் பற்றரியைக் குறை சொல்வதற்கு முன் டிசி-டிசி மாற்றியையும் அதன் பியூஸையும் பார்க்க வேண்டும்.

சார்ஜர் வாங்கும்போது கடையில் பெரிய அம்பியர்தான் நல்லது என்பார்கள். இந்தப் பற்றரிக்கு அது ஆபத்து. 5 அம்பியர் அல்லது அதற்குக் குறைவான மெதுவான சார்ஜ் மட்டுமே கொடுக்கும்படி காரின் கையேடே சொல்கிறது. வேகமாகக் கொடுத்தால் வெடிக்கக்கூடும். நான் வைத்திருப்பது 4 அம்பியர் தானியங்கிச் சார்ஜர். ஏஜிஎம் என்று தெரிவு செய்ய முடிய வேண்டும், உச்ச வோல்ட் 14.4இலிருந்து 14.7க்குள் நிற்க வேண்டும், நிறைந்ததும் 13.5 – 13.8க்கு இறங்கிப் பராமரிக்க வேண்டும். எங்கள் வெப்பத்துக்கு 14.4 பக்கம் நிற்பதே நல்லது. வெப்பம் கூடக் கூட, தேவைப்படும் வோல்ட் குறையும். 10 பாகைக்கு ஏறக்குறைய 0.2 வோல்ட். சில சார்ஜர்களில் பழைய பற்றரிக்கு உயிர் கொடுக்கும் முறை என்று 15.5, 16 வோல்ட் வரை ஏற்றும் பொத்தான் இருக்கும். ஏஜிஎம் பற்றரி அடைக்கப்பட்டது, அதில் வற்றிய நீரைத் திரும்ப ஊற்ற வழியில்லை. காரோடு இணைத்தபடி அதை அமுக்கினால் கணினிகளும் அந்த வோல்ட்டை வாங்கும். அந்தப் பொத்தானைத் தொடவே வேண்டாம். கராஜ்களில் சில்லு வைத்துத் தள்ளி வரும் பெரிய பழைய சார்ஜரையும் உங்கள் காரில் மாட்ட விடாதீர்கள்.

சார்ஜ் செய்யும் ஒழுங்கு இதுதான். கார் அணைந்து, திறப்பு வீட்டுக்குள். சார்ஜர் மின்னில் மாட்டாத நிலையில் சிவப்பு நேர்முனைக்கு, கறுப்பு பற்றரிக்குத் தள்ளியுள்ள வெறும் உலோகத்துக்கு. இரண்டையும் கையால் அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் மின்னைப் போட வேண்டும். கழற்றும்போது முதலில் மின், பிறகு கறுப்பு, கடைசியில் சிவப்பு. பற்றரியில் நேரடியாக மாட்டுவதென்றால் டிக்கியும் ஒரு ஜன்னலும் திறந்திருக்கட்டும். சார்ஜ் ஏறும்போது ஐதரசன் வாயு வரலாம். அதைக் காருக்கு வெளியே விட ஒரு மெல்லிய குழாய் பற்றரியின் பக்கத்தில் செருகியிருக்கும், அது இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். டிக்கி திறந்தே இருந்தால் விளக்கு எரியும். அதை அணைத்து வையுங்கள். பாதி இறங்கிய 45 அம்பியர்-மணிப் பற்றரிக்கு 4 அம்பியரில் ஆறு மணித்தியாலம் வேகமாக ஏறும், கடைசிப் பகுதி மெதுவாக இன்னும் மூன்று நான்கு மணித்தியாலம் எடுக்கும். இரவு போட்டுக் காலையில் எடுப்பதென்று வைத்துக்கொள்ளுங்கள். சார்ஜரில் பச்சை விளக்கு வராமல் இடையில் நிறுத்தினால் அந்தக் கடைசிப் பகுதி எப்போதும் நிரம்பாமலே கிடக்கும். 2022இல் மின்வெட்டு இடையில் வந்தது எனக்குப் பெரிய தொல்லை. சில சார்ஜர்கள் மின் திரும்பியதும் தாமாகத் தொடங்காது, மறுபடி பொத்தானை அமுக்க வேண்டும். மலிவானவை சில மின் இல்லாத நேரத்தில் பற்றரியிலிருந்தே சிறிது இழுக்கும். மின்வெட்டு நேரம் தெரிந்தால் முன்னதாகவே கழற்றிவிடுவேன்.

எங்கள் தொடர்மாடியின் கார்த் தரிப்பிடத்தில் பிளக் பொயின்ற் கிடையாது. பலருக்கும் இதே சிக்கல். பற்றரியைக் கழற்றி மேலே கொண்டுபோவதுதான் நான் செய்தது. 10 மில்லிமீற்றர் ஸ்பனர் ஒன்று போதும். மோதிரம், கைக்கடிகாரம் கழற்றிவிட்டு, முதலில் மறைமுனை, பிறகு நேர்முனை, பிறகு பிடிக்கும் சட்டம், வாயுக் குழாய். மாட்டும்போது நேர்முனை முதலில், மறைமுனை கடைசியில். மறைமுனை இணைந்திருக்கும்போது ஸ்பனர் நேர்முனையிலிருந்து காரின் உலோக உடலைத் தொட்டால் வெல்டிங் போல அடிக்கும். அதனால்தான் இந்த ஒழுங்கு. செம்மஞ்சள் நிற வயர் எங்கே கண்டாலும் அது உயர் வோல்ட், அதில் கை வைக்கவே கூடாது. 15 கிலோவுக்குக் கிட்ட வரும், நிமிர்த்தியே தூக்குங்கள். பல்கணியில், காற்றோட்டமான இடத்தில் சார்ஜ் செய்தேன். முக்கியமான ஒன்று: பற்றரி இல்லாதபோது டிக்கிக் கதவை முழுதாக அடித்து மூடிவிடாதீர்கள். மூடிவிட்டால் பின் ஆசனத்தை மடித்து உள்ளே தவழ்ந்து, கதவின் உட்பக்கத்தில் உள்ள அவசர நெம்பைத் தள்ளித்தான் திறக்க வேண்டும். அதைப் பகல் வெளிச்சத்தில் ஒருமுறை செய்து பழகி வையுங்கள். சாரதிக் கதவுக்கு ஸ்மார்ட் திறப்புக்குள் ஒளிந்திருக்கும் இரும்புத் திறப்பு போதும். யப்பானிலிருந்து வந்த கார்களில் பற்றரி கழன்றதும் நவிகேசன் றேடியோ பூட்டிக்கொண்டு கடவுக் குறியீடோ, வரைபட எஸ்டி அட்டையோ கேட்பது நிறையப் பேருக்கு நடந்திருக்கிறது. என் 6,000 ரூபாய் அப்படித்தான் போனது. கழற்றுவதற்கு முன் அந்த அட்டை உள்ளே இருக்கிறதா, குறியீடு யாரிடமாவது இருக்கிறதா என்று பாருங்கள். பற்றரி மீண்டும் மாட்டிய பிறகு ஜன்னல்கள் தானாக ஏறாவிட்டால் பயப்படத் தேவையில்லை. முழுதாக ஏற்றி, பொத்தானைச் சில விநாடி பிடித்தால் கற்றுக்கொள்ளும்.

கழற்றவோ சார்ஜர் போடவோ முடியாதவர்கள் கிழமைக்கு ஒருமுறை ஒரு மணித்தியாலம் றெடியில் வைக்கலாம். மூடிய கராஜுக்குள் வேண்டாம், எஞ்சின் சொல்லாமல் தொடங்கும், புகையில் உள்ள காபன் மொனொக்சைட்டுக்கு மணமே இல்லை. காரை விட்டு விலகவும் கூடாது. சத்தமில்லாமல் நிற்பதால் அணைந்துவிட்டதென்று நினைத்துப் பிள்ளைகள் ஏறி விளையாடக்கூடும். வெயில் படும் இடத்தில் நிறுத்துபவர்களுக்கு 10 வோட் சூரியப் பலகையும் ஏஜிஎம் பற்றரிக்குரிய வோல்ட்டைத் தாண்டாமல் சார்ஜ் செய்யும் ஒரு சிறு கட்டுப்படுத்தியும் நல்ல வழி. நாளுக்கு நான்கு மணித்தியால நல்ல வெயிலில் 2 அம்பியர்-மணிக்கு மேல் தரும், கார் குடிப்பது 0.7தான். கட்டுப்படுத்தி இல்லாமல் நேரே மாட்டாதீர்கள். சிறு பற்றரியை மட்டும் பார்த்துக்கொண்டு பெரியதை மறந்துவிடவும் கூடாது. அதுவும் நிற்க நிற்க இறங்கும், அது மிகவும் இறங்கினால் எஞ்சினைச் சுழற்ற வழியே இல்லை, வீட்டுச் சார்ஜரால் அதைத் தொடவும் முடியாது. சில மாதத்துக்கு ஒருமுறையாவது 30 நிமிடம் அல்லது 16 கிலோமீற்றர் ஓட்டச் சொல்கிறது கையேடு. 12 வோல்ட் சார்ஜரில் மாட்டி ஆறு மாதம் மறந்துவிடுவதில் இந்த ஆபத்து இருக்கிறது.

இத்தனைக்குப் பிறகும் வழியில் நின்றுவிட்டால், ஜம்ப் செய்யும் முறையை அமைதியாகச் செய்யுங்கள். உதவும் வாகனம் 12 வோல்ட்டா என்று முதலில் கேளுங்கள். பெரிய லொறிகளும் பஸ்களும் 24 வோல்ட், அவற்றிலிருந்து எடுத்தால் கணினிகள் போய்விடும். சிவப்பு வயர் உங்கள் காரின் பொனற் நேர்முனையில், மறுநுனி அவர் பற்றரியின் நேர்முனையில். கறுப்பு அவர் மறைமுனையில், கடைசி நுனி உங்கள் எஞ்சின் பகுதியில் வண்ணமற்ற உலோகத்தில். கடைசி நுனியை வைப்பதற்கு முன் வேறொருவரைக் கூப்பிட்டு நான்கையும் பார்க்கச் சொல்லுங்கள். இரவென்றால் கைப்பேசி வெளிச்சத்தில் கூட்டல் குறியைக் கண்ணால் காணாமல் தொடாதீர்கள். அந்தப் பத்து விநாடியை நாங்கள் எடுத்திருந்தால் லொறிக் கூலியும் பியூஸ் செலவும் எனக்கு வந்திராது. பிறகு அவர் எஞ்சினைச் சற்று உயர்த்தி ஐந்து நிமிடம் ஓடவிட வேண்டும். ஸ்மார்ட் திறப்புள்ள காரில், பொத்தான் அணைந்த நிலையில் ஒரு கதவைத் திறந்து மூடுங்கள். பிறகு பிறேக்கை மிதித்துப் பொத்தான். றெடி வந்ததும் போட்டதற்கு எதிரான ஒழுங்கில் கழற்றுங்கள். அரை மணித்தியாலம் ஓட்டினால் போதும் என்று நினைக்காதீர்கள், முழுதாக இறங்கிய பற்றரி அன்றிரவே சார்ஜரில் இருக்க வேண்டும்.

கையில் ஒரு லித்தியம் ஜம்ப் பக் (காரை எழுப்பும் கையடக்கப் பற்றரி) இருந்தால் இன்னொரு வாகனமே தேவையில்லை. ஹைபிரிட் கேட்பது குறைவு என்பதால் சிறியதே போதும். தலைகீழாக மாட்டினால் தடுக்கும் பாதுகாப்பு உள்ளதை வாங்குங்கள். பற்றரி மிகவும் இறங்கினால் அது காரைக் கண்டுகொள்ளாது, 'பூஸ்ட்' பொத்தானை அமுக்கச் சொல்லும். அந்தப் பொத்தான் பாதுகாப்பையும் அணைத்துவிடும் என்பதால் முனைகளை இரண்டாம் முறை பார்க்காமல் அமுக்கக் கூடாது. வெயிலில் நிற்கும் காருக்குள் அதை விட்டுவைப்பது லித்தியத்துக்கு நல்லதல்ல. வீட்டில் வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை சார்ஜ் செய்து, தூரம் போகும் நாளில் கையோடு எடுத்துப் போங்கள். அதைச் சாரதி ஆசனப் பக்கம் வையுங்கள், டிக்கியில் வைத்தால் எடுக்கவே முடியாது.

உங்கள் ஹைபிரிட்டிலிருந்து இன்னொருவருக்கு ஜம்ப் கொடுப்பது பற்றி: மனம் இளகும், ஆனால் கொடுக்க வேண்டாம். டீசல் வானின் ஸ்டார்ட்டர் இழுக்கும் நூற்றுக்கணக்கான அம்பியரை டிசி-டிசி மாற்றி தாங்காது. கட்டாயம் உதவ வேண்டுமென்றால் உங்கள் கார் றெடியில் இருக்க, வயரை மாட்டிப் பதினைந்து நிமிடம் அவருடைய பற்றரியைச் சார்ஜ் ஆக விடுங்கள். வயரை முற்றாகக் கழற்றிய பிறகு அவர் ஸ்டார்ட் செய்யட்டும்.

புதிய பற்றரி வாங்குபவர்களுக்கு. பிரியஸுக்கு எஸ்46பி24ஆர் அல்லது எஸ்34பி20ஆர், எந்தக் காருக்கு எது என்று பழைய பற்றரியின் மேலேயே எழுதியிருக்கும். முன்னால் உள்ள எஸ் என்பது அடைக்கப்பட்ட வகை, 46 திறன் தரம், பி அகல உயரம், 24 சென்ரிமீற்றரில் நீளம், ஆர் முனைகள் இருக்கும் பக்கம். ஆர் இருக்க வேண்டிய இடத்தில் எல் வாங்கினால் முனைகள் தலைகீழாகும், வயர் எட்டாது, இழுத்து மாட்டினால் என் கதைதான். விலை பாதி என்று, திரவ அமிலம் நிரம்பிய சாதாரண ஈரப் பற்றரியை வைத்துத் தருவதாகச் சொல்வார்கள். இது பயணிகள் இருக்கும் அறைக்குள் இருக்கும் பற்றரி. ஈரப் பற்றரி சார்ஜ் ஏறும்போது ஐதரசனும் அமில ஆவியும் உள்ளேதான் வரும். பக்கத்திலுள்ள உலோகமும் வயர்களும் அரிக்கும். வாயுக் குழாய் செருகும் துளை இல்லாத பற்றரியை நான் என் காருக்குள் வைக்க மாட்டேன். கடையில் நீண்ட நாள் இருந்த சரக்கும் வரும். பணம் கொடுப்பதற்கு முன் மீற்றரை வைத்துப் பாருங்கள், 12.6க்குக் கீழ் என்றால் வேறொன்று கேளுங்கள். மாட்டிய பிறகு குழாயை அழுத்திச் செருகி, முனைகளை அசையாத அளவுக்கு மட்டும் இறுக்கி, றெடியில் 14 வோல்ட் வருகிறதா என்று அளந்து, மாட்டிய திகதியை அழியாத பேனாவால் பற்றரியின் மேல் எழுதி வையுங்கள். என்னுடையதில் 2022.07.04 என்று இருக்கிறது. ஒவ்வொரு மாத முதல் ஞாயிறும் காலையில் கார் எடுப்பதற்கு முன் அளந்து, கையுறைப் பெட்டியிலுள்ள கொப்பியில் எழுதுகிறேன். கடைசியாக எழுதிய எண் 12.7.